ஆச்சியின் வாய்ஸ் மெசேஜும் பேத்தியின் ஒற்றை எழுத்தும்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது, கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருக்கிறாள். நான் திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியை. மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தம்பி குடும்பம் அமெரிக்காவில், நியூஜெர்சியில். அம்மா எதையும் டைப் செய்ய மாட்டாள். மகள் எதையும் பேசிப் பதிவு செய்ய மாட்டாள். அவள் பேசியதை இவளுக்கு எழுத்தாக்குவதும், இவள் எழுதியதை அவளுக்குப் படித்துச் சொல்வதும் சில வருடங்களாக என் வேலையாக இருந்தது. இப்போது அந்த வேலை பெரும்பாலும் குறைந்துவிட்டது. எப்படிக் குறைந்தது என்று எழுதி வைத்தால், இதே பாட்டைப் படும் மற்ற வீடுகளுக்கும் உதவும்.

முதலில் அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். "ஏட்டி, ஆச்சி பேசுதேன். கேக்குதா?" என்று தொடங்கும். அப்புறம் இரண்டு மூன்று விநாடி மௌனம். எதிர்முனையிலிருந்து பதில் வருவதற்காக அம்மா விடும் இடைவெளி அது. பிறகு சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, இங்கே நேற்று சாரல், ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கிறது, எதிர்வீட்டில் பலாப்பழம் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று வரிசையாக வரும். நடுவில் குக்கர் விசில் கேட்கும். கடைசியில், போனை வைக்கப் போகிற அவசரத்தில், "அப்புறம், நாளைக்குக் காலையில டாக்டர்ட்ட போவணும், உங்க அம்மாட்ட சொல்லிரு, வச்சிருதேன்" என்று முடியும். சொல்ல வந்த சேதி அந்தக் கடைசி வரிதான்.

மகள் பாதி கேட்டிருப்பாள். வகுப்பு தொடங்கியிருக்கும். 'கே' என்று ஓர் ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டுப் போயிருப்பாள். டாக்டர் விஷயம் யாருக்கும் வந்து சேராது. சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஒத்த எழுத்து போட்டிருக்கா, எம் மேல என்ன கோவம்?" என்று கேட்பாள்.

கோபம் எதுவும் கிடையாது. மகளின் தரப்பைக் கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. அறையில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். பஸ்ஸில் இயர்போன் கையில் இருக்காது. எழுத்தாக வந்தால் ஒரு பார்வையில் இது அவசரமா, பிறகு பார்க்கலாமா என்று தெரிந்துவிடும். குரலாக வந்தால் முழுவதையும் கேட்டு முடித்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியும். அடுத்த வாரம் அந்தத் தேதியைத் தேட வேண்டும் என்றாலும் தேட முடியாது. அவள் யாரையும் முன்னறிவிப்பு இல்லாமல் கூப்பிடுவதில்லை. 'இப்ப பேசலாமா?' என்று ஒரு வரி அனுப்பிவிட்டுத்தான் கூப்பிடுவாள். அடுத்தவர் என்ன வேலையில் இருக்கிறாரோ என்ற கரிசனம் அது. அம்மாவுக்கோ இது விசித்திரம். "சொந்த ஆச்சியக் கூப்பிட அனுமதி எதுக்கு?" என்பாள்.

இருவரும் மரியாதையைத்தான் காட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிய நாளாயிற்று. அடுத்தவர் நேரத்தைப் பறிக்காமல் இருப்பது மகளின் மரியாதை. குரல் கொடுத்துச் சொல்வது அம்மாவின் மரியாதை. இதை இரண்டு பேரிடமும் தனித்தனியாக எடுத்துச் சொன்ன பிறகுதான் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் எடுபட்டன. யாருக்கு போனை இயக்கத் தெரியும், யாருக்குத் தெரியாது என்கிற கோணத்தில் பார்த்தவரை எதுவும் நகரவில்லை.

அம்மாவின் பழக்கத்துக்கு வேர் ரொம்ப ஆழத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் கேதம், அதாவது சாவுச் சேதி, சொல்ல ஆள்தான் வருவார். கல்யாணத்துக்குப் படியேறி வந்து, தாம்பாளத்தில் பத்திரிகை வைத்து அழைக்க வேண்டும். தபாலில் மட்டும் வந்தால் குறைதான். சேதி எப்படி வந்து சேர்ந்தது என்பதும் அந்தச் சேதியில் ஒரு பகுதி. அப்புறம், வெளியூருக்குப் பேச எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்து காத்திருக்கும் டிரங்க் கால் காலம். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை, வேகத்துக்குத் தகுந்த கட்டணம். தெருவில் ஒரு வீட்டில் போன் இருந்தால் அந்த எண்ணையே பி.பி. நம்பர் என்று ஊரெல்லாம் கொடுத்திருப்பார்கள். அந்த வீட்டிலிருந்து யாராவது ஓடிவந்து கூப்பிட, அம்மா ஈரக்கையோடு ஓட வேண்டும். எழுத்தில் அவசரமாக வருவது தந்தி ஒன்றுதான். தந்திக்காரர் தெருமுனையில் திரும்பினாலே நெஞ்சு படபடக்கும், படிப்பதற்கு முன்பே வாசலில் அழுகை தொடங்கும். இப்படி வளர்ந்த ஒருத்திக்குச் சுருக்கமான எழுத்து என்றாலே உள்ளுக்குள் ஒரு பதற்றம் வரத்தான் செய்யும்.

அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலை மத்தியில் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே, ஆகஸ்டில், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வசதி வந்தது. 2016-க்குப் பிறகு டேட்டா மலிவாகி அம்மா கைக்கு ஸ்மார்ட்போன் வந்தபோது, அந்த மைக் படத்தை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அது புதிதே இல்லை. எண்பதுகளில் அத்தை வீட்டு மாமா சவுதியில் இருந்தார். கடையநல்லூர், மேலப்பாளையம் என்று எங்கள் பக்கம் வளைகுடாவுக்குப் போனவர்கள் நிறைய. கடிதத்தோடு கேசட்டும் போகும், வரும். அத்தை வீட்டில் கதவைச் சாத்திவிட்டு, டேப் ரெக்கார்டரைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, ஒவ்வொருவராகப் பேசிப் பதிவு செய்வார்கள். ஊருக்கு வந்து திரும்புகிற யாராவது கையில் கொடுத்தனுப்புவார்கள். அதில் யாரும் சேதியைச் சுருக்கிச் சொன்னதில்லை. ஆடு குட்டி போட்டதிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டைவரை எல்லாம் இருக்கும். அதைத்தான் அம்மா இன்றைக்கும் செய்கிறாள்.

மகளின் பழக்கத்துக்கும் வேர் உண்டு. அது என் தலைமுறையில் இருக்கிறது. செல்போனில் இன்கமிங்குக்கும் காசு கட்டிய காலத்தில், மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்தினோம். ஒரு ரிங் விட்டால் போய்ச் சேர்ந்துவிட்டேன், இரண்டு விட்டால் நீ கூப்பிடு. 2003-ல் இன்கமிங் இலவசமான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அடுத்து எஸ்எம்எஸ். ஆங்கில எழுத்தில் ஒரு மெசேஜுக்கு 160 இடம். தமிழில் எழுதினால் 70 இடம்தான், அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி இடமாகக் கணக்காகும். அனுப்பினாலும் பல போன்களில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதக் கற்றுக்கொண்டோம், அதிலும் உயிரெழுத்துகளை விழுங்கி. தமிழ் தெளிவாகத் தெரிகிற போன்கள் வந்து எத்தனையோ வருடம் ஆகியும், பிள்ளைகள் அதே தங்கிலீஷில்தான் எழுதுகிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை எங்கள் வீட்டின் பெரிய தடை இதுதான். அம்மா தினமும் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வரிவிளம்பரம்வரை படிக்கிறவள். ஆனால் பேத்தி ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழைப் படிக்க அவளால் முடியாது. பார்க்கிற நாம், வயதானவர்களுக்கு மெசேஜ் பிடிக்காது என்று முடிவு கட்டிவிடுகிறோம். மகளின் போனில் தமிழ் விசைப்பலகையைப் போட்டுக்கொடுத்தேன். ஆச்சிக்கு மட்டும் தமிழில் எழுது என்று கேட்டுக்கொண்டேன். அவள் ஆங்கில எழுத்திலேயே தட்டுகிறாள், அது தமிழாக மாறி விழுகிறது, அவளுக்குக் கூடுதல் வேலை ஒன்றும் இல்லை. 'ஆச்சி, பரீட்சை நல்லா எழுதினேன்' என்று முதன்முதலாகத் தமிழில் வந்த வரியை அம்மா எனக்கே போன் போட்டுப் படித்துக் காட்டினாள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்ததும் உதவியது. வாட்ஸ்அப் அமைப்பில் அரட்டை என்ற பகுதிக்குள் போனால் எழுத்தளவை மாற்றலாம்.

எதிர்த்திசைக்கும் ஒரு வழி இருந்தது. கூகுள் 2017-லேயே தமிழில் பேசினால் எழுதித்தரும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. விசைப்பலகையின் மேல் ஓரத்தில் இன்னொரு மைக் இருக்கும். அம்மாவிடம், நீளமாகப் பேச வேண்டுமானால் பச்சை வட்டத்து மைக், சேதி மட்டும் என்றால் இந்த மைக் என்று பழக்கினேன். நெல்லைப் பேச்சு அதற்குச் சரியாகப் பிடிபடவில்லை. 'வாரேன்', 'சொல்லுதேன்' எல்லாம் வேறு என்னென்னவோ ஆகிவிடும். அம்மா தானாகவே வானொலியில் செய்தி வாசிப்பது போலப் பேசத் தொடங்கினாள். "நாளை காலை பத்து மணிக்கு மருத்துவரைப் பார்க்கச் செல்கிறேன்." அது பிழையில்லாமல் விழுந்தது. பழகிக்கொள்ளும் புத்தி அவளிடம் எவ்வளவு இருக்கிறது என்று நான் வியந்துபோன நாள் அது.

தம்பி வீட்டுக் கதை கொஞ்சம் வேறு. அங்கே வாய்ஸ்மெயில் வழக்கம். இவன் எடுக்காவிட்டால் ஓர் ஆங்கிலக் குரல், பீப் சத்தத்துக்குப் பிறகு பேசச் சொல்லும். நம் ஊரில் வாய்ஸ்மெயில் வேர் பிடிக்கவே இல்லை. மிஸ்டு கால் ஒன்றே 'நான் கூப்பிட்டேன்' என்பதைக் காசில்லாமல் சொல்லிவிடுகிறபோது, அதற்கு மேல் ஒரு பெட்டியில் பேசிவைக்க யாருக்கும் தேவைப்படவில்லை. அம்மாவுக்கு அந்த ஆங்கிலக் குரல் யாரோ ஓர் அந்நியப் பெண் போனை எடுத்தது போலத்தான். உடனே வைத்துவிடுவாள். அவளாவது பழக்கமில்லாதவள். அங்கேயே பிறந்து வளர்ந்த தம்பி மகன் தன் எண்ணுக்கு வாய்ஸ்மெயிலே அமைக்கவில்லை. அப்பா முன்பு நிமிடக்கணக்கில் பேசிவைத்தபோதும் அவன் கேட்டதில்லை. தவறிய அழைப்பைப் பார்த்துவிட்டு, "அப்பா, கூப்பிட்டீங்களா? என்ன?" என்று மெசேஜ் போடுவான். தம்பிக்கு அது மனக்குறை. ஆனால் அந்த நாட்டு நிறுவனங்களே அதைக் கைவிட்டு வருகின்றன. கோககோலா தன் தலைமையகத்தில் 2014 கடைசியில் வாய்ஸ்மெயிலை நிறுத்தியது. 2015-ல் ஜேபிமார்கன் வங்கியும் ஒரு பிரிவு ஊழியர்களுக்கு நிறுத்தியது. ஐபோனில் 2023 முதல், வாய்ஸ்மெயிலில் ஒருவர் பேசும்போதே அது எழுத்தாகத் திரையில் ஓடுகிறது. தம்பி மகனைப் போன்றவர்களுக்காகச் செய்த வசதிதான் அது. தம்பி இப்போது பதிவுக் குரலைத் தமிழில் மாற்றி, "அம்மா, வேலையில இருக்கேன், ராத்திரி கூப்பிடுதேன்" என்று தன் குரலிலேயே வைத்திருக்கிறான். வெளியாட்களுக்காக அதன் பின்னால் ஆங்கிலத்தில் ஒரு வரி. அம்மா பதிலுக்கு எதுவும் பேசிவைப்பதில்லை. ஆனால் கேட்டுவிட்டு நிம்மதியாக வைக்கிறாள்.

இதையெல்லாம் வயதோடு மட்டும் முடிச்சுப் போடுவது சரியில்லை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள். முப்பது வயதுக்காரிகள். பலர் பீடி சுற்றுகிறவர்கள். பள்ளி அறிவிப்பை வகுப்புக் குழுவில் டைப் செய்து போட்டால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் காரணம் தெரிந்தது. மடியில் சுளவு, ஒரு கையில் வெட்டின இலை, இன்னொரு கை தூளை அள்ளி வைத்துச் சுருட்டி நூல் சுற்றுகிறது. இரண்டு கையிலும் புகையிலைத் தூள். போன் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. அவர் எப்படி மெசேஜைத் திறந்து படிப்பார்? ஒரு விரல் பட்டால் ஓடுகிற வாய்ஸ் மெசேஜ் என்றால் சுற்றிக்கொண்டே கேட்டுவிடுவார். அதிலிருந்து தேதியையும் தொகையையும் எழுத்திலும், விளக்கத்தை அரை நிமிடக் குரலிலும் சேர்த்தே போடுகிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்படி கூடியது.

அதே முறையை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். எண்ணாக இருப்பது எதுவும் எழுத்தில்தான் வர வேண்டும். தேதி, நேரம், ரயில் பெட்டி, மாத்திரையின் பெயர், வங்கிக் கணக்கு எல்லாம். குரலில் 'பதினஞ்சு' என்பது 'அம்பத்தஞ்சு' என்று காதில் விழுந்தால் ரயிலே போய்விடும். வாய்ஸ் மெசேஜ் போடுகிறவர் சேதியை முதல் வரியில் சொல்லிவிட வேண்டும். "நாளைக்கு டாக்டர்ட்ட போறேன். இனி ஊர்க்கதை" என்று அம்மாவே இப்போது பிரித்துச் சொல்கிறாள். முதல் வரியைக் கேட்டுவிட்டு மகள் போகலாம், மீதியை இரவில் படுத்துக்கொண்டு கேட்கலாம். கேட்டாள் என்பதும் அம்மாவுக்குத் தெரியும், மைக் படம் நீலமாக மாறிவிடும். அந்த நீல மைக்கைப் பார்க்கப் பழக்கியதில் பாதி மனவருத்தம் குறைந்தது.

அவசரம் என்றால் அடுத்தடுத்து இரண்டு முறை கூப்பிட வேண்டும். ஒரு முறை வந்தால் பிறகு பேசலாம், இரண்டாவது முறையும் வந்தால் வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய் எடுக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். பழைய மிஸ்டு கால் கணக்குதான் இது. சாவுச் சேதி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குழுவில் முதலில் வரக்கூடாது. பெரியப்பா இறந்தபோது, காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் யாரோ அதைப் போட்டார்கள். மகள் அதைக் கல்லூரிக் கேன்டீனில் வைத்துப் பார்த்திருக்கிறாள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் மூன்று எழுத்தைப் போட்டு அஞ்சலி செலுத்தினார்கள். அது பெரியம்மாவை எவ்வளவு புண்படுத்தியது என்று எனக்குத் தெரியும். இப்போது எங்கள் குடும்பத்தில், யார் யாரைப் போனில் கூப்பிட்டுச் சொல்வது என்று பிரித்து வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகுதான் குழுவில் போடுவது. அஞ்சலி எழுத்தில் இருந்தாலும், துக்க வீட்டுக்காரரைப் பிள்ளைகள் ஒரு முறையாவது கூப்பிட்டுப் பேச வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் தயங்குகிறார்கள். "பெரியம்மா, நான் பேசுறேன்" என்று சொன்னால் போதும், மற்றதை அவர்கள் பேசிக்கொள்வார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன்.

கட்டைவிரல் படத்தைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அது சம்மதம். மகள் தலைமுறைக்கு அது 'போதும், நிறுத்து' என்பது போல. கனடாவில் ஒரு விவசாயி ஆளிவிதை ஒப்பந்தத்துக்குக் கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பியதை நீதிமன்றம் 2023-ல் கையெழுத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டு, சுமார் 82 ஆயிரம் கனடா டாலர் கட்டச் சொன்னது. மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்ப ஆச்சி சொல்றதுதான் சட்டப்படி சரி" என்றாள்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது மகள் ஒரு பழைய பதிவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டாள். அம்மா பக்கத்தில் இருந்தாள். "நான் இப்படியா பேசுதேன்?" என்று முகம் வாடிவிட்டது. இதில் நான் மகள் பக்கம்தான். 2021-ல் இந்த வேக வசதி வந்த பிறகுதான் அவள் ஆச்சியின் பதிவுகளை முழுதாகக் கேட்கவே தொடங்கினாள். பாதியில் விடுவதைவிட வேகமாகக் கேட்பது மேல். அம்மாவிடம் அப்படியே சொன்னேன், ஏற்றுக்கொண்டாள்.

ஒன்றில் மட்டும் எல்லோரும் கண்டிப்பாக இருக்க வேண்டும். குரலைப் போலச் செய்து பணம் கேட்கும் மோசடி வந்துவிட்டது. பேரன் குரலில் அழுகை கேட்டால் எந்த ஆச்சிக்கும் மனம் பதறும். பணம் என்ற பேச்சு வந்தால், அது எழுத்தோ குரலோ, நம்மிடம் உள்ள பழைய எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லைப் பேசி வைத்திருக்கிறோம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும் என்று அம்மாவின் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மாவின் பதிவுகளில் முக்கியமானவற்றைப் போனுக்கு வெளியிலும் சேமிக்கிறேன். அத்தை வீட்டுக் கேசட்டுகளில் பாதி பூஞ்சை பிடித்துப் போயிற்று. வாட்ஸ்அப் பதிவும் அப்படித்தான், பேக்கப் இல்லாமல் போனை மாற்றினால் போய்விடும். பதிவை அழுத்திப் பிடித்து, பகிர் என்பதைத் தொட்டு, மின்னஞ்சலுக்கோ டிரைவுக்கோ அனுப்பிவிடலாம். கோப்பின் பெயரில் தேதியையும் சேர்த்துவிட்டால் பிறகு தேட எளிது.

அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். சில நாள் திரையைப் பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொட்டு மருந்து ஒரு நாளில் பல வேளை, இரண்டு மூன்று வகை. அந்த வேளைகளுக்கு ஒவ்வொன்றாக வாய்ஸ் மெசேஜ் போடும் பொறுப்பை மகளிடம் கொடுத்திருக்கிறேன். மருந்தின் பெயரைச் சொன்னால் அம்மாவுக்குக் குழம்பும், மூடியின் நிறத்தைச் சொல்லு என்றேன். சரி என்றிருக்கிறாள், இந்த முறை இரண்டு எழுத்திலும் தமிழிலும்.